இரவல் காது

நீதிமன்றத்தில் சாட்சி தும்மினால் அதை எழுதக் கூடாது. அழுதால்கூட நீதிபதி எழுதச் சொன்னால்தான் எழுத வேண்டும், அதுவும் ‘சாட்சி அழுகிறார்’ என்று அடைப்புக்குறிக்குள் இரண்டே சொல். இருபத்தெட்டு வருஷமாக ஸ்டெனோ அம்மா இந்த ஒழுங்கில் வாழ்ந்தவர். யார் என்ன சொன்னாலும் சொன்னது சொன்னபடி நோட்டில் விழும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. வக்கீல்கள் அவரை மேஜை நாற்காலியோடு சேர்த்தே எண்ணினார்கள். பொய் சாட்சி சொல்ல வந்தவன்கூட நீதிபதியைப் பார்த்துத்தான் பயப்படுவானே தவிர, தன் பொய்யை அட்சரம் பிசகாமல் பிடித்துவைக்கிற அந்தப் பென்சிலை ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருடினார். வேறு சொல் போட்டு மழுப்ப வேண்டாம், சட்டம் அதை அப்படித்தான் பார்க்கிறது. இணையத்தில் கிடைக்கிற சினிமாத் திருட்டுப் பிரதியை இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படத்தில் காதுக்கு வருகிற அத்தனையையும் எழுத்தாக்கித் திரையின் அடியில் ஓடவிடுவார். பேச்சு மட்டுமென்றால் பரவாயில்லை. அடைப்புக்குறிக்குள் மழை பெய்யும், நாய் குரைக்கும், பக்கத்து அறையில் யாரோ இருமுவார்கள். நீதிமன்றத்தில் எழுதாமல் விட்ட தும்மலெல்லாம் இங்கே வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது.

எல்லாம் தம்பிக்காக ஆரம்பித்தது. ஐந்து வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவன் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. இப்போது ஐம்பதைத் தொடுகிறான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அந்த இயந்திரம் போடுகிற கிறீச்சலைத் தாங்காமல் மற்றவர்கள் ஆறு மாதத்தில் ஓடிப்போக, இவன் மட்டும் இருபது வருஷமாக அதன் முன்னால் ஹாயாக உட்கார்ந்திருந்தான். அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தம்பியுமாக ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்பதை நிறுத்தியும் வெகுகாலம் ஆகிவிட்டது.

தம்பிக்குச் சினிமா என்றால் உயிர். சின்ன வயதில் தியேட்டரில் அக்கா திரை வெளிச்சத்தில் கையை ஆட்டி ஆட்டி வசனம் சொல்வாள். பின் வரிசைக்காரன் “கையைக் கீழ போடும்மா, படம் தெரியலை” என்று கத்துவான். அக்காவும் கீழே போட்டுவிடுவாள். மீதிப் படத்தைத் தம்பி முகங்களை வைத்தே ஊகித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்து அவன் கையால் சொல்கிற கதை பல சமயம் படத்தைவிட நன்றாக இருக்கும்.

சட்டப்படி நடக்கலாம் என்று அவர் முயலாமல் இல்லை. வேலை தேடிப் போன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கிற படம் ஒன்று வந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. ஸ்டெனோ அம்மா கடைக்குப் போய் அசல் டிவிடியே வாங்கினார். அதில் எழுத்து இல்லை. நாமே சேர்க்கலாம் என்றால் அது பூட்டு வைத்த டிவிடி. வாங்கியவரே ஆனாலும் பூட்டை உடைத்தால் தனிக் குற்றம் என்று அட்டைக்குப் பின்னால் எறும்பு சைஸில் போட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குப் பூட்டு, திருட்டுப் பிரதிக்குப் பூட்டே கிடையாது. இது என்ன நியாயம் என்று அவருக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். பட நிறுவனத்துக்கு மூன்று கடிதம் போட்டார். காது கேளாதவர்களுக்கு எழுத்து சேர்த்துத் தாருங்கள், கூலி வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்று. முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்தது, ‘தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி’ என்று ஒரே வரி.

அந்த வரியைப் படித்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முதல் திருட்டுப் பிரதியை இறக்கினார்.

ஒரு படத்துக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. ஒவ்வொரு வரியும் எத்தனை விநாடி திரையில் நிற்க வேண்டும் என்பதைத் தம்பியை வைத்துத்தான் முடிவு செய்வார். அவன் எதிரே உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தபடி பார்ப்பான். படித்து முடிப்பதற்குள் வரி மறைந்தால் மற்றக் கையைத் தூக்குவான். உடனே அரை விநாடி கூட்டுவார். அந்த முதல் படத்தை, தாய் காத்திருக்கிற அந்தப் படத்தை, காது கேளாதோர் மன்றத்தில் போட்டார்கள். அறுபது பேர் இருக்கலாம். ஸ்டெனோ அம்மா பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டார்.

இருபதாவது நிமிஷத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தாயிடம் வந்து ஒரு நகைச்சுவை சொல்வார். அதைச் சொல்லி முடித்த அதே நொடியில் அறுபது பேரும் சிரித்தார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதைப் பார்த்துத் தாமதமாகச் சிரித்தே பழகியவர்கள் அவர்கள். ஸ்டெனோ அம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. படம் முடிந்ததும் அறுபது ஜோடிக் கைகள் தலைக்கு மேல் விரல் விரித்து ஆடின, அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். வயதான ஒரு பெண்மணி வந்து அவர் முழங்கையைப் பிடித்து, கையால் கேட்டாள்: “மழை தகரத்துல ஒரு மாதிரியும் மண்ணுல ஒரு மாதிரியுமா கேட்கும்? நிஜமாவா?” அவர் எழுதியிருந்தது [மழை, முதலில் தகரக் கூரையில், பிறகு மண்ணில்] என்ற ஒரு வரி. அந்தப் பெண்மணிக்கு எழுபது வயது. எழுபது வருஷமாக மழை ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ‘இரவல் காது’ என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு கோப்புகளை இணையத்தில் ஏற்றினார். பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பதினாலு படம். பேர் தெரியாத ஊர்களிலிருந்து நன்றி வந்தது. கொலுசுக்குச் சத்தம் உண்டு என்று என் மகளுக்கு இன்றுதான் தெரிந்தது என்று ஒரு தகப்பன் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு ஸ்டெனோ அம்மா மறுநாள் நீதிமன்றத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, சாட்சியின் ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டார்.

மாட்டிவிட்டது மன்றத்துச் செயலாளர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தி, ‘இவர்தான் நம் இரவல் காது’ என்று பெயர், பதவி, நீதிமன்றம், போட்டோ எல்லாவற்றையும் மன்றத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். மூன்று வாரத்தில் அந்தப் பட நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதிவிட்ட கோப்புகள் அத்தனையையும் அழிக்க வேண்டும்; மன்றத்தில் இருப்பதையும் சேர்த்து. இனி செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் வழக்கு, நகல் மேலதிகாரிக்கு. பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். யாருடைய வழக்கையெல்லாமோ எழுதிய கை தன் வழக்கையே எழுத வேண்டிவரும் போலிருந்தது.

நீதிமன்ற கேன்டீனில் தனக்குத் தெரிந்த மூத்த வக்கீலிடம் காட்டினார். அவர் டீயை வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். “சட்டப்படி நீங்க தப்பும்மா. நியாயப்படி பார்த்தா… அதுக்குத் தனியா கோர்ட் இல்லையே.”

நோட்டீஸோடு ஒரு விஷயமும் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாய்ப் படத்தை நிறுவனமே இப்போது காது கேளாதோருக்கான எழுத்துடன் இணையத்தில் வெளியிட்டிருக்கிறது, ஆகவே உங்கள் திருட்டு எழுத்துக்கு இனி அவசியமே இல்லை என்று. ஸ்டெனோ அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அடடா, கடைசியில் செய்துவிட்டார்களே என்றுதான் முதலில் தோன்றியது. தம்பி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சந்தா கட்டி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்க உட்கார்ந்தார்.

[மழை, முதலில் தகரக் கூரையில், பிறகு மண்ணில்] என்று ஓடியது. அடுத்தது, அடுத்தது, எல்லாம் அவருடைய வரிகள். கமாகூட மாறவில்லை. திருடன் என்று நோட்டீஸ் அனுப்பியவர்கள் திருடனிடமிருந்தே எடுத்திருந்தார்கள். ஸ்டெனோ அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பார்த்தவர் எழுபத்தோராவது நிமிஷத்தில் உறைந்துபோனார்.

அந்தக் காட்சியில் தாய் மேஜையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். எதிரே காலி நாற்காலி. சட்டென்று தலையை நிமிர்த்தி வாசலைப் பார்ப்பாள், எழுந்திருக்க மாட்டாள். திரையின் அடியில் [கதவு தட்டும் ஓசை, மூன்று முறை] என்று வந்தது. காதில் ஒன்றும் வரவில்லை. ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று கழற்றி மாட்டினார். ஆறு தடவை போட்டுப் பார்த்தார். தட்டும் ஓசை இல்லை. தன் பழைய டிவிடியைப் போட்டார். அதிலும் இல்லை.

அப்புறம்தான் அவருக்கு விளங்கியது. தண்ணீர் கேன் போடுகிறவர் ஞாயிறுதோறும் வருவார். காலிங் பெல்லை அழுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்று தட்டு தட்டுவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து காதில் விழுந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த பென்சில் அதையும் எழுதிவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறது.

மன்றத்தில் அந்தக் காட்சி பெரிய சண்டை. தட்டியது யார்? மகன்தான் என்பார்கள் சிலர். போலீஸ் என்பார்கள் சிலர். வந்தது மகன் என்று தெரிந்தும் தாய் ஏன் திறக்கவில்லை என்று செயலாளர் மன்றத்து மலரில் நாலு பக்கக் கட்டுரையே எழுதியிருந்தார். தம்பி மட்டும் அந்தச் சண்டையில் ஒருநாளும் கையைத் திறந்ததில்லை. பதினோரு வருஷமாக அத்தனை பேரும் தண்ணீர் கேன்காரருக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஸ்டெனோ அம்மாவால் தாங்க முடியவில்லை. அவர்கள் அவரைச் சரிபார்க்க வழியில்லை. அவர் கேட்டேன் என்றால் கேட்டது. அந்த ஒரே நம்பிக்கையில் அறுபது பேர் உட்கார்ந்து சிரித்தார்கள். இனி மழை தகரத்தில் பெய்தது என்றால் யார் நம்புவார்கள்? தம்பி நம்புவானா?

அதே சமயம், இதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது என்பதும் நீதிமன்றத்தில் நரைத்த அந்தத் தலைக்குத் தெரிந்தது. சரியானதை இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதலாம். இல்லாத தட்டை இரண்டு பேர் ஒரே மாதிரி எழுத முடியாது. கோப்புகளைக் காப்பாற்ற வேண்டுமானால் தவறைச் சபையில் வைத்தாக வேண்டும். நிறுவனத்துக்குத் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் மன்றத்தின் சார்பில் ஆள் வர வேண்டும் என்று செயலாளர் தம்பியை நியமித்துவிட்டார். தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே தயார்.

நிறுவனத்தின் அலுவலகம் நாலாவது மாடியில். கண்ணாடிச் சுவர், நீள மேஜை, சுவரில் பெரிய திரை, இருபுறமும் ஆள் உயரக் கறுப்பு ஸ்பீக்கர்கள். தம்பி உள்ளே வந்ததும் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். எதிரில் சட்டப் பிரிவு மேலாளர், முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். அவள் பக்கத்தில் தாடி வைத்த ஒரு பெரியவர். அந்தத் தாய்ப் படத்தின் ஒலிப்பதிவாளர் என்று அறிமுகம் செய்தாள். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. அறையில் பேசுவதையெல்லாம் தம்பிக்குக் கையால் சொல்வதும், தம்பி கையால் சொல்வதை அறைக்கு வாயால் சொல்வதும் ஸ்டெனோ அம்மாதான்.

“மேடம், உங்க நோக்கத்தை நாங்க குறை சொல்லலை. ஆனா நல்ல மனசோட எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதானே? இன்னைக்கு உங்களை விட்டா நாளைக்கு யாரை எதைச் சொல்லித் தடுக்கிறது?” என்றாள் மேலாளர்.

ஸ்டெனோ அம்மாவின் கைகள் அதை அப்படியே தம்பிக்குச் சொல்லின.

பிறகு ஒலிப்பதிவாளர் பேசினார். “படம் வந்த மூணாம் நாளே திருட்டுப் பிரதி எல்லார் கையிலும் போயிடுச்சும்மா. தியேட்டர் காலி. ரெண்டு வருஷ உழைப்பு. அதுக்கப்புறம் எனக்கு அடுத்த படம் வர நாலு வருஷம் ஆச்சு. அதைக்கூட விடுங்க. நான் தேடித் தேடிப் பதிவு பண்ணின மழையை, டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி செல்போன்ல கேட்டுட்டு, படம் சுமார்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு வலிக்காதா?”

அதையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். பொய்யை முதல் வார்த்தையிலேயே மோப்பம் பிடிக்கிறவர் அவர். இந்த மனுஷர் சொன்னதில் ஒரு துளி பொய் இல்லை. தான் இறக்கியதும் அந்தப் பிரதிகளில் ஒன்றுதானே என்று நினைத்தபோது அவர் முகம் சிறுத்துவிட்டது. மேலாளர் உறுதிமொழித் தாளை அவர் முன்னால் நகர்த்திப் பேனாவை அதன் மேல் வைத்தாள்.

“கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன்,” என்றார் ஸ்டெனோ அம்மா. “நீங்க வெளியிட்ட எழுத்து யார் எழுதினது?”

“எங்க கம்பெனிக்குச் செஞ்சு குடுக்கிற ஆளுங்க. ஒரே படத்தைக் கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே மேடம் எழுதுவாங்க?”

“எழுபத்தோராவது நிமிஷத்தைப் போடுங்க.”

போட்டார்கள். தாய் நிமிர்ந்தாள். [கதவு தட்டும் ஓசை, மூன்று முறை] என்று வந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. மேலாளர் ஒலியைக் கூட்டச் சொன்னாள். மறுபடி போட்டார்கள். அப்போது ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“எப்படிக் கேட்கும்? அங்க சத்தமே கிடையாது! நாலரை விநாடி. அந்தப் படத்துலயே நான் பண்ணின ஒரே உருப்படியான காரியம் அதுதான். ஃபேன் சத்தம், தெருச் சத்தம், அந்தம்மா மூச்சு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா உருவினேன். ஒன்பது நாள்! மகன் வரமாட்டான்னு அவ மனசுக்குத் தெரியுற இடம் அது. அங்க போய்… எவன் அங்க கதவைத் தட்டினது?”

“தண்ணி கேன் போடுறவர்,” என்றார் ஸ்டெனோ அம்மா. “எங்க வீட்டுக் கதவை.”

அந்த ஞாயிறு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மேலாளர் “அப்ப இது உங்க…” என்று ஆரம்பித்து, முடிக்காமல், பேனாவை மட்டும் எடுத்து மூடிவைத்தாள். வழக்கு அந்த நிமிஷமே முடிந்துவிட்டது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது, தம்பியைத் தவிர. ஸ்டெனோ அம்மாவின் கைகள் மடியில் கிடந்தன. ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றதிலிருந்தே அவை அசையவில்லை.

தம்பி மேஜையைத் தட்டினான். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான்.

ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் சொல்லலாம். பொய்யும் ஆகாது. அவன் அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஐந்து வயதிலிருந்து உலகம் முழுவதையும் அந்தக் கை வழியாகவே பார்த்த கண்கள். ஸ்டெனோ அம்மா கைகளைத் தூக்கினார். அங்கே தட்டும் சத்தம் இல்லை, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னார்.

தம்பி பதில் சொன்னான். பழக்கத்தில் ஸ்டெனோ அம்மா அதை உடனே வாயால் சொன்னார், எப்போதும்போல அவன் நான் என்றால் நான் என்றே.

“எனக்குத் தெரியும்.”

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. அவன் மேலே சொல்லிக்கொண்டே போக, அவரும் சொல்லிக்கொண்டே போனார்.

“முதல் தடவை பார்த்தப்பவே தெரியும். அக்கா எழுதுற சத்தமெல்லாம் என் கைக்கு வரும். கதவு சாத்தினா வரும். மழை கூட வரும், மெல்லிசா. மூணு தட்டு வரணும்ல? வரலை. அது மட்டும் இல்லை. படம் ஆரம்பிச்சதுலேருந்து பெட்டிக்குள்ள ஒரு நடுக்கம் விடாம இருந்துகிட்டே இருக்கும். அந்த இடம் வந்ததும் அதுவும் நின்னுபோச்சு. பெட்டி செத்துப்போச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு, கையை எடுத்துட்டேன். அடுத்த தடவை எடுக்காம எண்ணிப் பார்த்தேன்.”

ஒலிப்பதிவாளர் மெதுவாக உட்கார்ந்தார். “எவ்வளவு நேரம்னு கேளுங்க,” என்றார்.

கேட்டார். தம்பி நாலு விரலை நீட்டினான். ஐந்தாவதைப் பாதி மடக்கிக் காட்டினான். நாலரை என்பதை ஸ்டெனோ அம்மா இன்னும் கையால் சொல்லியிருக்கவில்லை.

ஒலிப்பதிவாளர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை லட்சம் பேர் பார்த்தாங்க,” என்றார் கடைசியில். “ஒருத்தர்… ஒருத்தர்கூட அந்த இடத்தைப் பத்தி என்கிட்ட கேட்டதில்லை. நானே வேஸ்ட்டுன்னு நினைச்சுட்டேன். இவர் கேட்டிருக்காரே.” கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்டெனோ அம்மாவுக்கோ வேறு எதுவும் ஓடவில்லை. தம்பி பக்கம் திரும்பினார். “ஏன்டா என்கிட்ட சொல்லலை?” வாயும் கையும் சேர்ந்தே கேட்டன.

அவன் கைகள் நிதானமாகச் சொல்ல, அவர் உரக்கச் சொன்னார்.

“சொன்னா திருத்திடுவே. படத்துல இல்லாத தட்டு உன் காதுல எப்படி விழும்? நம்ம வீட்டுக் கதவாத்தான் இருக்கணும். எனக்கு வாசல்னா லைட்டு. யாராவது பெல் அடிச்சா லைட்டு எரியும், அவ்வளவுதான். கையாலயும் தட்டுவாங்க, மூணு தடவை தட்டுவாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஊர்ல இருக்கிற படத்துச் சத்தமெல்லாம் எழுதிக் குடுத்திருக்கே…”

அங்கே நின்றுவிட்டார். தம்பி இன்னும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கையை இறக்கியிருந்தான்.

“என்ன சொன்னார்?” என்றாள் மேலாளர்.

ஸ்டெனோ அம்மா தண்ணீர் குடித்தார். “நம்ம வீட்டுச் சத்தம் அது ஒண்ணுதான்,” என்றார்.

மேலாளர் உறுதிமொழித் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. சட்டம் அப்படியேதான் இருக்கிறது, டிவிடியில் பூட்டும் அப்படியேதான். கோப்புகள் மன்றத்திலேயே தங்கின. ஆனால் அந்தத் தட்டை ஸ்டெனோ அம்மா தன் கையாலேயே எல்லாப் பிரதியிலும் அழித்தார். அந்த இடம் ஒலிப்பதிவாளருடையது, ஒன்பது நாள் உழைத்து அவர் வாங்கியது. அதில் தன் வாசற்கதவை நட்டுவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்றார். [முழு அமைதி] என்று போட்டுவிட்டு அவருக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டார். மன்றத்தில் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னபோது செயலாளர்தான் கொஞ்ச நாள் முகம்கொடுக்கவில்லை. நாலு பக்கக் கட்டுரை ஆயிற்றே.

தம்பியிடமிருந்து ஒரே ஒரு சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டோம் என்பது மட்டும் அவரை அறுத்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவர் ஹெட்போனை எடுக்கவில்லை. ஒரு புது நோட்டோடு கூடத்தில் வந்து உட்கார்ந்து, வீட்டைக் கேட்டார். ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் கேட்டார் என்றே சொல்ல வேண்டும். இவ்வளவு நடக்கிறதா இங்கே என்று மலைப்பாக இருந்தது. [ஃபிரிட்ஜ், பழைய பஸ் கிளம்புவதுபோல், பிறகு ஒரு உதறல்]. [மாடிப்படியில் செருப்பு, மூன்றாவது படியில் மட்டும் தேய்கிறது]. [குழாய், சரியாக மூடாதது, தம்பி மூடியது]. [ஜன்னல் கொக்கி, காற்றுக்கு]. [அக்காவின் மூட்டு, எழுந்திருக்கும்போது, சடக்].

தம்பி தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான். குழாய் வரிக்கு முறைத்தான். மூட்டு வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டான். ஸ்டெனோ அம்மா பழக்க தோஷத்தில் அதையும் எழுதினார்: [தம்பி சிரிக்கிறான்].

அவன் அந்த வரியில் விரலை வைத்தான். எப்படி இருக்கும் என்று கேட்டான்.

இருநூற்றுப் பதினாலு படத்தில் எத்தனையோ பேர் சிரிப்பை எழுதியவர் அவர். [உரக்க] என்று எழுதி அடித்தார். [மூக்கால்] என்று எழுதி அதையும் அடித்தார். எதுவும் ஒட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது கேட்ட அந்தச் சிரிப்பை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

[அப்பா சிரிப்பது போலவே].

ஐந்து வயதுவரை தம்பிக்குக் காது கேட்டது. அவனிடம் மிச்சம் இருந்த சத்தங்கள் எவை எவை என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. அவன் அந்த வரியைப் படித்தான். பிறகு நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே இன்னொரு முறை சிரித்தான். ஸ்டெனோ அம்மா அதையும் எழுதினார்.